வாய்க்கால் கரையில் "ஹேட் பெட்டர்"

சீனப் பொறியாளர் லியூ வேனிலிருந்து இறங்கி அந்த வாக்கியத்தைச் சொன்னபோது நான் பின் சீட்டில் இருந்தேன்.

"யூ ஹேட் பெட்டர் கோ ஹோம். போலீஸ் கமிங்."

சாலையை மறித்து நின்ற விவசாயிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்த செல்வி கத்தினாள். "மரியாதையா வீட்டுக்குப் போயிடுங்கங்கிறான்! போலீஸ் வருதாம்!"

அடுத்த நொடி ஒரு கல் பட்டு வேன் கண்ணாடி உடைந்தது.

நன்னிலத்தில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். பிறகு கடலோரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மின்நிலையத்தில், சீனப் பொறியாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. டிக்‌ஷனரியையே மனப்பாடம் செய்துவிடுவார்கள். சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. என் கணவரை "ஷி" என்பார்கள். அவர்கள் பேச்சில் 'ஹி', 'ஷி' இரண்டுக்கும் ஒரே ஒலி. "டீச்சர், யூ ஹேட் பெட்டர் டிரிங்க் ஹாட் வாட்டர்" என்று அக்கறையாகச் சொல்வார்கள். 'had better' என்பதில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கைத் தொனி அவர்களுக்கு உறைக்காது.

லியூ பைப்லைன் வேலையின் பொறுப்பாளர். பைப்புக்குத் தோண்டிய மண் பாசன வாய்க்காலை அடைத்துவிட்டது. சம்பா பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. மறியல் தொடங்கியதும் மின்நிலைய மேனேஜர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். முந்தைய மறியலில் விழுந்த தடியடியை லியூ நேரில் பார்த்தவர்.

நானும் இறங்கினேன். செல்வி என் பழைய மாணவி.

"ஹேட் பெட்டர்னா வார்னிங்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

"சீனாக்காரங்க அதை அக்கறையா சொல்றாங்கம்மா. வீட்டுக்குப் போறது உங்களுக்கு நல்லதுங்கிறாரு."

அவள் அப்பா கலியபெருமாள் முன்னால் வந்தார். "நெலத்த எடுக்க வந்த அதிகாரியும், 'கையெழுத்துப் போடுங்க, அதான் உங்களுக்கு நல்லது'ன்னுதான் சொன்னாரு. அதுவும் அக்கறைதானா டீச்சர்?"

நான் லியூவின் பக்கம் திரும்பினேன்.

லியூ வெளிறிப்போயிருந்தார். "ராங் வேர்டு, டீச்சர்?"

போலீசைப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னால் எந்தச் சொல்லும் மிரட்டல்தான் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். "'யூ' வேண்டாம். 'ஐ' என்று ஆரம்பியுங்கள். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?"

அவர் மண்மேட்டையே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐ வில் ஓப்பன் த வாட்டர்."

ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் செல்விக்கு ஒரு தயக்கமும் இல்லை. "தண்ணிய தொறந்துவுடுறேங்கிறாரு!"

மண்மேட்டருகே நின்ற பொக்லைனின் ஓட்டுநர் மறுத்தார். "மேனேஜர் சொல்லாம தொட்டா என் வேலை போயிரும் சார்." லியூ சாவியை வாங்கிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார்.

மண் பாதி அகன்றபோது போலீஸ் வேன் வந்து நின்றது. போலீஸ்காரர்கள் லத்தியோடு குதித்தார்கள். ஒருவரும் நகரவில்லை. கலங்கல் தண்ணீர் உடைப்பு வழியே ஊர்ந்து வந்தது.

"என்னம்மா நடக்குது இங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணி பாயுது சார்" என்றேன்.

அவர் பொக்லைனில் இருந்த லியூவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார்; போலீஸ்காரர்கள் லத்தியைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கலியபெருமாள் அந்த வருஷம் அறுவடை செய்தார். நிலமெடுப்பை எதிர்த்து அவர் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. உத்தரவில்லாமல் வாய்க்காலைத் திறந்ததற்காக லியூவைச் சீனாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மீதிப் பொறியாளர்களுக்குத் தொடர்ந்து வகுப்பு எடுத்தேன். புதுச்சொல் வந்தால் உடனே அர்த்தம் எழுத விடுவதில்லை. இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், கேட்பவரால் மறுக்க முடியுமா என்று முதலில் கேட்பேன். அவர்கள் யோசித்துச் சொன்ன பிறகுதான் சாக்பீஸை எடுப்பேன்.