ஃபேனுக்கடியில் சோயா

எங்கள் கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டி விரிந்திருக்கும். அதன்மேல் வேகவைத்த சோயா பரவிக் கிடக்கும். எண்ணூரில் மொட்டை மாடியில் காயவைத்தால் அனல்மின் நிலையத்துக் கரித்தூளையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும். அதனால் சோயாவுக்கு ஃபேன் காற்று, எங்கள் இருவருக்கும் தரை.

சோயா வீட்டுக்குள் வந்ததே என் பயத்தால்தான். சர்க்கரை லேசாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் மனசுக்குள் என் போட்டோவுக்கு மாலையே போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி அசரவில்லை. "யோவ், சாவறதுக்கு முன்னாடி அந்த பஜ்ஜிய உடுய்யா" என்றாள். ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, தோல் நீக்கி, உலர்த்தி, இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவாள். சாயங்கால டீயோடு அள்ளி மெல்லுவேன். ஒவ்வொரு வாய்க்கும் "சர்க்கரை எறங்கிடுச்சா?" என்று கேட்பேன். "ஆங், ராயபுரம் டேசன்ல எறங்கிடுச்சு" என்பாள்.

கடைசியில் படுக்கையில் விழுந்தது அவள். புற்றுநோய். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊசி ஏற ஏறச் சோறு இறங்கவில்லை. ஏதாவது சாப்பிட்டால்தான் அடுத்த ஊசி தாங்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஒருநாள் காலை அவளே, "ரெண்டு சோயா வறுத்தாந்து குடுய்யா" என்றாள்.

வீட்டுக்குப் பறந்தேன். ஊறும்வரை காத்திருந்தால் அவள் மனசு மாறிவிடுமே! சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அரைவேக்காட்டில் இறக்கி வறுத்தேன். பதற்றத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன். டிபன் டப்பாவைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன்.

ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "இன்னாய்யா இது, சல்லிக்கல்ல வறுத்துகினு வந்துகீற? ஊறவே இல்ல." பக்கத்துப் படுக்கைக்காரம்மா சிரித்துவிட்டார். நல்லா கீதுன்னு ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று கெஞ்சினேன். "பொய் சொன்னா நாளிக்கும் இப்டியேதான் வறுத்தாருவ" என்றபடி இன்னும் மூன்று மென்றாள்.

மறுநாள் ஒழுங்காக ஊறவைத்து, வறுத்துக் கொண்டுபோனேன். வாய் திறக்கவே அவளுக்குத் தெம்பில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

இப்போது எனக்குக் கை வந்துவிட்டது. தண்டையார்பேட்டை குடோனில் கூட வேலை செய்பவர்களுக்கும் டப்பாவை நீட்டுகிறேன். "சூப்பரா கீது நைனா" என்கிறார்கள். சில நாள் வேண்டுமென்றே ஊறவைக்காமல் வறுத்துக் கொண்டுபோகிறேன், எவனாவது திட்டமாட்டானா என்று. கடக் கடக்கென்று பல்லில் இடிபடும் சத்தம் எனக்கே கேட்கிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று பார்த்து, அன்றைக்கும் மென்று விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள்: "சூப்பரா கீது நைனா."