வரேன்னு சொன்னியே

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. கையில் தண்ணீர் டம்ளர் இருந்தால் மட்டும் இப்போதே குடித்து முடித்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

ஆரணியில் பட்டு நெய்கிற சம்பந்தத்தின் மகள் திலகவதி. கணக்கு டீச்சர். மாலத்தீவில் ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கூடத்தில் வேலை. படங்களில் பார்க்கிற நீலக் கடல், வெள்ளை மணல் எல்லாம் அங்கே உண்டு. அதைப் பார்த்து மயங்குகிறவர்கள் அந்த டீச்சர் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கருவாடு காய்கிற நாற்றம். மெத்தையில் முன்பு படுத்தவளின் வியர்வைக் கறை. திலகவதிக்கு எதிலும் சுத்தம் வேண்டும். அந்த மெத்தையில் படுக்கப் பிடிக்காமல், அங்கே இருந்த எட்டு மாதமும் தரையில்தான் படுத்தாள்.

எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய தொட்டி. மேலே கனத்த மூடி. மழைத் தண்ணீர் கூரைக் குழாய் வழியாக அதில்தான் சேரும். குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். அதில் ஒரு இனிப்பு இருந்தது. அழுகிப்போன பழத்தின் இனிப்பு. திலகவதி குழாயில் துணி கட்டித்தான் பிடிப்பாள். மறுநாளே துணி கொழகொழவென்று ஆகிவிடும். தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னால், "மழை வந்தால் சரியாகிவிடும்" என்று கூரைக் குழாயில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொல்வார். அவர் குடிப்பது பாட்டில் தண்ணீர். அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவள் ரேணுகாதேவி. களம்பூர்ப் பெண். ஒருநாள் காலையில் வகுப்புக்கு வரவில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பு கிடந்தது. ஆளைக் காணோம். யாரும் பதறவில்லை. ஏனென்றால் வெளிநாட்டு டீச்சர்கள் அங்கிருந்து அப்படித்தான் போவார்கள். சொன்னால் விடமாட்டார்கள், இரண்டு மாதம் நோட்டீஸ் கேட்பார்கள். அதனால் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிடுவார்கள், இல்லையென்றால் விடியற்காலைப் படகில் ஏறிவிடுவார்கள். ரேணுகாவும் ஓடிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அவளுடைய அறையும் அவளுடைய டைம்டேபிளும் திலகவதிக்கு வந்தன.

சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்தால் டீச்சர்களுக்கு இதே பேச்சுதான்.

"ரேணுகா புத்திசாலிடி. நாமதான் இங்க குந்திகினு இந்தத் தண்ணிய குடிக்கிறோம்" என்பாள் பக்கத்து அறை தேவிப்ரியா. வந்தவாசிக்காரி. அறிவியல் டீச்சர்.

திலகவதியும் தயாரானாள். நகல் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லித் தலைமை ஆசிரியரின் பீரோவிலிருந்து தன் சர்டிஃபிகேட்டுகளை வாங்கிக்கொண்டாள். லீவு வந்தது. பெட்டி கட்டினாள். இனி ஜென்மத்துக்கும் அந்த அறை வாசலை மிதிக்கப் போவதில்லை.

பூட்டைப் போட்டாள். போட்ட கையோடு வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது. நம் ஆட்கள் யார்தான் கிளம்பும்போது 'போறேன்' என்பார்கள்? பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம்.

"போயிட்டு வரேன்" என்றாள், காலி அறையைப் பார்த்து.

"யாருகிட்டடி சொல்ற?" என்று தேவிப்ரியா சிரித்தாள். திலகவதியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் குடத்துத் தண்ணீரை வாயில் வைத்தவள் அப்படியே முற்றத்தில் துப்பினாள். அந்த இனிப்பு! தம்பி மனைவி காவ்யா அதே குடத்தில் மொண்டு குடித்தாள்.

"நல்லாதான கீது, அண்ணி?"

குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மறுநாள் ரசத்தில் வந்தது. அதற்கடுத்து காபியில். வேறு யாருக்கும் தெரியவில்லை. திலகவதி இளநீரும் சோடாவுமாக நாளை ஓட்டினாள்.

பிறகு தறியில் வந்தது. தம்பி கமலக்கண்ணனுக்குத் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை, அதாவது பழைய பாவு, முடிந்திருந்தது. முடிந்தால் அதைக் கழற்றி எறிவதில்லை. பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். காவ்யாதான் உட்கார்ந்து பிணைத்திருந்தாள். மறுநாள் நெய்ய உட்கார்ந்த கமலக்கண்ணன் கத்தினான்.

"காவ்யா! இன்னா பேஜாரு இது? பட்டுல மயிர வச்சி முடிச்சிக்கிற?"

எல்லோரும் ஓடினார்கள். அரக்குப் பட்டு இழைகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று. தலைமயிர். ஈரம். அவன் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. முழங்கையில் இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் முனை தெரிந்தது. அதில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. அவன் விரலை மோந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டான்.

காவ்யாவுக்குத் தோள்வரைதான் முடி. திலகவதிக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு எல்லாம் நரை. யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

திலகவதி திரும்ப வேண்டிய விமானத்துக்கு முதல் நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் ஒரு பவர்லூம் சத்தம்கூட இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். 'எப்ப திரும்பப் போற?' என்று சொந்தக்காரர்கள் துளைப்பார்களே என்று இவள் மட்டும் போகவில்லை. நல்ல பகல். வெளியே வெயில் கொளுத்தியது. தறி வீட்டுக்குள் மட்டும் மங்கல்.

போனிலிருந்து தீவு சிம் கார்டைக் கழற்றினாள். இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. இனி அவர்கள் தலைகீழாக நின்று கூப்பிட்டாலும் இவள் கிடைக்கமாட்டாள்.

டக்... டக்... டக்...

தறிப் பக்கம்.

எலி என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்...

கிட்டே போனாள். தறியில் ஆள் இல்லை. ஆனால் தறிக்குழிக்குள் மிதிபலகை மெல்ல இறங்கியது. ஏறியது. இறங்கியது... ஒவ்வொரு தடவையும் 'சளக்' என்றது.

நெசவு செய்கிறவன் கால் வைக்கிற குழி அது. எப்போதும் காய்ந்து கிடக்கும். இப்போது விளிம்புவரை தண்ணீர்.

அந்த நாற்றம்.

அந்த இனிப்பு.

தண்ணீரின் மேல் முடி மிதந்தது. நீள முடி. பரந்து... ஏதோ ஒன்றைச் சுற்றி...

திலகவதி வாயைப் பொத்தினாள். வாய்க்குள்ளேயே அந்தத் தண்ணீர் ஊறியது. குனிந்து வாந்தி எடுத்தாள். சோறு வரவில்லை.

மணல்.

வெள்ளை மணல்.

"வரேன்னு சொன்னியே..."

குழிக்குள்ளிருந்துதான். தண்ணீர் நிரம்பிய தொண்டையில் பேசுகிற குரல்.

திலகவதி சுவரில் ஒட்டிக்கொண்டு அலறினாள்.

"வரல! நான் வரல! சொல்லாம ஓடிடலாம்னு இருந்தேன்... இப்ப சொல்றேன்... வரவே மாட்டேன்!"

சத்தம் நின்றது.

மிதிபலகை நின்றது.

பிறகு...

"நான் ஓடல."

எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வெயிலில் நின்றுகொண்டுதான், லீவுக்கு ஊருக்கு வராமல் தீவிலேயே இருந்த தேவிப்ரியாவைப் போனில் கூப்பிட்டாள்.

"ரேணுகா எங்கடி?"

"ஓடிப்போனவள பத்தி இப்ப எதுக்கு..."

"அவ ஓடல. தொட்டிய தெறந்து பாருங்க. நாம குடிக்கிற தொட்டி. ஜல்தி!"

தேவிப்ரியா குரலைத் தாழ்த்தினாள்.

"திலகா... உன் ரூம்ல நேத்துலேருந்து குழாய் ஓடிகினு கீது. பூட்டின ரூம். நிக்கவே இல்ல."

மறுநாள் தொட்டியைத் திறந்தார்கள். ரேணுகாதேவி உள்ளேதான் இருந்தாள். என்ன நிலையில் என்று நான் எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கே சோறு இறங்காது. மேலே எதற்கு ஏறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கனத்த மூடியை வெளியிலிருந்து யார் மூடினார்கள் என்றும் இன்றுவரை தெரியவில்லை. 'ஓடறது உங்க ஊர்க்காரங்க வழக்கம்தானே, நாங்க என்ன கண்டோம்' என்றாராம் பாட்டில் தண்ணீர் குடிக்கிற பெரிய மனிதர். களம்பூரில் அவள் அம்மா செல்லம்மாள், மகள் எவனோடோ போய்விட்டாள் என்று ஊர் பேசியதை நம்பி, அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்தார்.

அன்றைக்கு வீட்டார் கல்யாணத்திலிருந்து வந்து பார்த்தபோது தறிக்குழி காய்ந்துதான் கிடந்தது. அடியில் ஒரு பிடி வெள்ளை மணல். "ஆத்து மணல்தான்" என்றான் கமலக்கண்ணன். கமண்டல நாக நதியின் மணல் என்ன நிறம் என்று ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு குழியைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு வேறு இடத்தில் தறி போட்டான்.

திலகவதி தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு, வேலையை விடுகிறேன் என்று வாயால் சொன்னாள். தண்ணீரில் அந்த இனிப்பு அன்றோடு போயிற்று.

ஒரு மாதம் கழித்து தேவிப்ரியாவும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். நேராக ஆரணிக்கு வந்தாள். காவ்யா கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள்.

"அவ காணாம போன அன்னிக்கு குவார்ட்டர்ஸ் பின்னாடி, தொட்டி பக்கம், டக்கு டக்குன்னு சத்தம். ராத்திரி முழுக்க. மறுநாளும். குழாய்ல காத்து அடைச்சிக்கிச்சுன்னு நெனச்சோம். ரேணுகா எப்படி ஓடியிருப்பான்னு பேசிகினு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலயேதான் எல்லாரும் உட்கார்ந்து டீ குடிச்சோம், திலகா."