அரிவாளில் அடித்த ஸ்பிரிங் பட்டை

இருளாண்டி வேலை பார்த்தது புதுக்கோட்டையில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கம்பெனியில். கம்பெனி என்பது பேச்சுக்குத்தான். ஒரு தகரக் கொட்டகை, ஓர் உலை, சில சம்மட்டிகள். சுதந்திரம் வந்த புதிதில் நல்ல எஃகுக்குத் தட்டுப்பாடு. முதலாளி ஆதப்பன் பழைய இரும்பு எங்கே கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வருவார்.

ஒருநாள் வந்த வண்டியில் ஆளுயர அரிவாள்கள் கிடந்தன. கருப்பர் கோயிலில் நேர்த்திக்கடனாக நட்டவை. துருப்பிடித்துவிட்டதென்று கோயில்காரர்களே எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றில் இருளாண்டி தன் பெயரைப் பார்த்தான். பிள்ளையில்லாமல் தவித்து வேண்டிக்கொண்டு, மகள் செவந்தி பிறந்ததும் அவனே நட்ட அரிவாள்.

“மொதலாளி, இது வேணாங்க. சாமி பொருளுங்க.”

“சாமியே வேணாம்னுதானய்யா அனுப்பியிருக்கு. அடி.”

வேலை போய்விடுமே என்று அதைப் பட்டையாக அடித்தான். இலுப்பூர் பஸ்ஸில் அதை மாட்டியதும் அவன்தான். உலையில் அது சிவக்கவே இல்லை, கறுப்பாகவே வளைந்தது என்பான். இரும்பு அப்படி வளையாதப்பா என்றால், “அதான் சொல்றேன்” என்பான்.

சாமிக்குக் கொடுத்ததைத் தான் எடுத்தாயிற்று, இனி சாமி கொடுத்ததைச் சாமி எடுக்கும் என்ற பயம் அவனைப் பிடித்தது. அந்தப் பட்டை உடையும், அப்போது செவந்தி பஸ்ஸுக்குள் இருப்பாள். மகளை அவன் பஸ் ஏறவே விடவில்லை. பஸ்ஸும் அவனை விடவில்லை. ஸ்டாப் இல்லாத இடத்தில், இலுப்பூர் ரோட்டோரம் இருந்த அவன் வீட்டுக்கு நேர் எதிரே, இன்ஜின் அணைந்து நிற்கும். டிரைவர் இறங்கிப் பார்த்தால் கோளாறு ஒன்றும் இருக்காது.

செவந்தி பெரியவளாகிற வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நடந்தான். பெண்டாட்டி ராக்காயி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். நல்ல வெயில். அந்த பஸ் வந்து பக்கத்தில் நின்றது.

“ஏறுங்கண்ணே, புள்ளைக்குக் கண்ணு சொருகுது” என்றார் கண்டக்டர்.

ராக்காயி அவன் காலைப் பிடித்தாள். “ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஏறுங்க!”

உதறிவிட்டு வயலில் இறங்கி நடந்தான், பாவி மனுஷன். அன்னவாசல் தாண்டும்போது செவந்தி தோளிலேயே அடங்கிப்போனாள். பஸ் அன்றைக்கும் பத்திரமாகப் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்திருந்தது.

அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. தினமும் அந்த பஸ்ஸில் ஏறி, அந்தப் பட்டைக்கு மேலே இருந்த சீட்டில் உட்கார்ந்துகொள்வான். டிக்கெட் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. பள்ளத்தில் பஸ் விழுந்து எழும்போதெல்லாம் குனிந்து காது கொடுப்பான்.

“ஒடையலையே” என்பான் கண்டக்டரிடம். “இன்னும் ஒடையலையேய்யா.”