சிதம்பரத்திலிருந்து வந்த முதல் படம்

கடலூர் மஞ்சக்குப்பத்து ஸ்கேன் சென்டரில் இளவரசிக்கு முதலில் கிடைத்த வேலை, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துப் பெயர் கூப்பிடுவது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள்; படித்த கையோடு கல்யாணம், அப்புறம் மகள். சென்னைக்குப் போய் வேலை தேடும் பேச்சு அதோடு நின்றது. ஆசை மட்டும் நிற்கவில்லை.

அவள் கணவன் சேரன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவளுக்காகக் கேட்டு வாங்கி வந்தான். அதில் அவள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள், அழித்தாள், மறுபடி ஏற்றினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்து, "இதுல இன்னாதான் இருக்குது?" என்று சேரன் கேட்பான். அவள் சொல்ல ஆரம்பித்தால் தூங்கிவிடுவான்.

சென்டருக்குச் சிதம்பரத்திலும் ஒரு கிளை இருந்தது. அங்கே எடுக்கிற படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் அமராவதி இருப்பதோ கடலூரில். படங்களை சிடியில் பதிந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேரும்வரை அங்கே நோயாளிகள் காத்துக்கிடக்க வேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது இளவரசி சொல்லியே விட்டாள்.

"மேடம், இங்க ஒரு சர்வர் போட்டா படம் நேரா வந்துடும். நானே போடறேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "முன்ன போட்டிருக்கியாம்மா?"

"வீட்ல போட்டிருக்கேன். இவ்ளோ பெருசா போட்டதில்ல."

"சரி, ஞாயித்துக்கிழம வச்சிக்கலாம். நானும் வரேன்."

இரண்டு கிளைகளையும் இணைக்கத் தனியாகப் புது ரவுட்டர் ஒன்று மாட்டினார்கள். ஞாயிறு காலை இளவரசி உட்கார்ந்தாள். இன்ஸ்டால் ஓடியது. பாதியில் திரை நின்று, நெட்வொர்க் விவரம் கேட்டது. முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளட்டுமா என்றது. வேண்டாம் என்று அழுத்தினாள். சர்வர் நாளுக்கொரு முகவரிக்கு மாறினால் சிதம்பரம் அதை எங்கே போய்த் தேடும்? நிலையான முகவரியைத் தானே அடித்தாள். வெளியே போகும் வழியான கேட்வே எது என்று அடுத்த கேள்வி. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் இருந்ததைப் பார்த்து அப்படியே அடித்தாள்.

சர்வர் எழுந்தது. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. "மேடம், உசுரு வந்துடுச்சு!" என்று கத்தினாள். சிதம்பரத்து டெக்னீஷியன் ஜெயப்பிரகாஷுக்கு போன் போட்டு, அங்கிருந்தும் சர்வரைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஒண்ணுமே வரலக்கா. டைம் அவுட்டுன்னே சொல்லுது."

அவள் முகம் சுருங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். சர்வருக்கு வருவதையும் போவதையும் வரிவரியாகக் காட்டும் கட்டளை ஒன்றை ஓடவிட்டு, "இப்ப கூப்பிடு" என்றாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. அடுத்து இன்னொன்று. சிதம்பரத்து முகவரியேதான்!

"வருது! நீ கூப்பிடறது இங்க வருது ஜெயப்பிரகாஷு!"

"அப்ப எனக்கு ஏன்க்கா பதில் வரல?"

அவள் வரிகளை உற்றுப் பார்த்தாள். சர்வர் பதிலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கேள்வி வந்து சேருகிறது, பதில் போய்ச் சேரவில்லை. அப்படியானால் பதில் வேறு வழியாகப் போகிறது! குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். பழைய ரவுட்டரும் புது ரவுட்டரும் பக்கத்தில் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர் பழையதன் வழியாக வெளியே போவது; அதைப் பார்த்துத்தான் சர்வருக்கும் கேட்வே அடித்திருந்தாள். சிதம்பரத்துக்கு வழி தெரிந்ததோ புதியதற்கு மட்டும்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் டாக்டர்.

"வாசல மாத்திச் சொல்லிட்டேன் மேடம்!" சிரித்துக்கொண்டே கேட்வேயைத் திருத்தி, நெட்வொர்க்கை நிறுத்தி எழுப்பினாள்.

போனிலிருந்து கூச்சல் வந்தது. "அக்கா! வந்துடுச்சுக்கா! வந்துனே இருக்குது!"

"ஒரு படம் அனுப்பு, எதுனா ஒண்ணு."

"எதுனா எதுக்கு? இங்க ஒரு பாப்பா கம்மல் திருகாணிய முழுங்கிடுச்சு. இப்பத்தான் படம் எடுத்தேன். அவுங்கம்மா அழுவுறாங்க."

இளவரசியும் டாக்டரும் திரைக்கு முன்னால் நெருங்கி நின்றார்கள். பட்டியலில் பெயர் வந்தது. திறந்தாள். சின்னஞ்சிறு விலா எலும்புகள், அவற்றுக்குக் கீழே பளீரென்று வெள்ளையாக ஒரு பொட்டு.

"திருகாணி!" என்று இளவரசி துள்ளினாள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனை வாங்கினார். "வயித்துக்குப் போயிடுச்சுப்பா, தொண்டையில இல்ல. மூச்சுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. தானா வெளிய வந்துடும், பயப்பட வேணாம்னு சொல்லு. அம்மாகிட்ட போனக் குடு, நானே சொல்றேன்."

அந்த அம்மாவின் அழுகை விக்கலாகிப் பிறகு சிரிப்பானது இளவரசிக்கும் கேட்டது. படம் எடுத்த சூடு ஆறுவதற்குள், பாப்பா மேசையை விட்டு இறங்குவதற்குள், கடலூரிலிருந்து பதில் போய்விட்டது.

"நாளையிலருந்து டோக்கனுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீ இதப் பாரு" என்றார் டாக்டர்.

இளவரசி வாசலுக்கு ஓடி வந்து சேரனுக்கு போன் போட்டாள். கரும்பு இறக்கும் சர்க்கரை ஆலை வாசலில் டிராக்டர்கள் உறுமும் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா வந்துதுன்ற?"

"படம்! சிதம்பரத்துலருந்து!"

"சத்தமா சொல்லு!"

சென்டர் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்க, அவள் இன்னொரு தடவை கத்திச் சொன்னாள்.