சாரா பீவி அறைந்த பெட்டி

பாலக்கரையில் என் வீட்டுக்கும் ஜெகபர் அலி வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவர் பழைய கம்ப்யூட்டர்களை ரிப்பேர் பார்க்கிறவர். காயலான் கடைக்குப் போக வேண்டியதை எல்லாம் ஓட வைத்துவிடுவார். பொண்டாட்டி செத்த பிறகு அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் அவரால் ஓட வைக்க முடியவில்லை.

சாரா பீவி அதில்தான் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தாள். அச்சகத்துக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். பெட்டி மஞ்சளேறிப் போன கிழம். அது மக்கர் பண்ணுகிறது என்று அவள் சொன்னபோது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள் என்றிருக்கிறார். இது போனால் நானும் போயிடுவேன் என்றாளாம். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் கொஞ்ச நாளில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து மனிதர் கெட்டார். விடிந்ததும் சுவிட்சைப் போடுவார். விசிறி சுற்றும், திரையில் வெளிச்சம் வரும், அதோடு சரி. உள்ளே டிஸ்க்கே இல்லை என்று எழுத்து வருமாம். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். வயரை மாற்றினார். டிஸ்க்கை மட்டும் மாற்றவில்லை. அவள் அடித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிறகு அதனோடு பேச ஆரம்பித்தார். "கோவமா இருக்கியா சாரா?" என்பார். பதிலுக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் நான் சுவரை விட்டுத் தள்ளிப் போய்விடுவேன். என் புருஷன் செத்தபோது நான் எதையும் கேட்கவில்லை. செத்த மனுஷன் பதில் சொல்லித் தொலைத்துவிடுவானோ என்ற பயம்.

ஒரு நாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். கண் குழிக்குள் போயிருந்தது.

"அக்கா, அவ உள்ளதான் இருக்கா. என்னை விட மாட்டேங்கிறா."

"செத்தவளுக்கு வேற வேலை இல்லையா பாய்? அவ எப்படிப் போடுவாளோ அப்படிப் போடுங்க."

"சுவிட்சைத்தானேக்கா போடுவா?"

அப்போதுதான் உறைத்தது, இந்த ஆளுக்கு விஷயமே தெரியாது. மெஷின் மேல் யாராவது கை ஓங்கினால் அவருக்குப் பொறுக்காது. கடைக்கு வந்தவனையே அதற்காகத் துரத்தியவர். அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் சாரா பீவி அதைச் செய்வாள்.

"பெட்டி பக்கவாட்டுல பளார்னு ஒண்ணு விடுவா. அப்புறந்தான் டைப் அடிக்கிற சத்தம் வரும். தெனம் கேட்டிருக்கேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிஸ்க்குக்குள் சுற்றுகிற தட்டு வயசானால் ஒட்டிக்கொள்ளுமாம். குலுங்கினால் சில சமயம் விடுமாம். அவர் அறிந்த சங்கதிதான். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் அது நடந்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்து வீட்டுக்கு நடந்தார், நானும் கூடவே போனேன். சுவிட்சைப் போட்டார், கை ஓங்க மனசு வராமல் நின்றார். என்னை அடிக்கச் சொன்னார். உங்கள் பொண்டாட்டி பெட்டி, நீங்களே அடியுங்கள் என்றேன். அடித்தார். உள்ளே என்னவோ முனகியது. பிறகு சீராகச் சுற்றியது. திரையில் அவள் வைத்திருந்த ரோஜாப்பூப் படம் வந்தது.

தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவரோ அதை அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி வராது என்று பயம். கடைக்குப் போவதை நிறுத்தினார். சுவர் வழியாக எந்நேரமும் இரைச்சல். ஓடாத பெட்டியோடு பேசியவர், ஓடுகிற பெட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு முன்னைவிடப் பயம்.

பராமரிப்பு என்று மாதாமாதம் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் வந்தது. இரைச்சல் நின்றது. ஒப்பாரி கேட்கும் என்று காத்திருந்தேன். அவர் வெளியே வந்து என் படியில் உட்கார்ந்தார். போட்டதைச் சாப்பிட்டார். சாயங்காலம் என் வீட்டு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"கரண்டு வந்துருச்சு பாய்."

"தெரியுதுக்கா. மறுபடி அடிச்சு எழுப்பணும்." கையைப் பார்த்துக்கொண்டார். "வேணாம். தூங்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார். வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. நான்தான் போய்ச் சாத்தினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.