வாசல் கொக்கியில் தொங்கிய கயிறு

பர்வீனின் கணவர் நைனா முகமது இறந்து எழுபத்திரண்டு நாளாகியிருந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான்கு மாதமும் பத்து நாளும் இருந்து முடிக்கும்வரை அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைத் தாண்டக் கூடாது. கடை ராஜபாளையத்தில் இருந்தது.

கயிற்றுக்கடை. ராவுத்தர்கள் ஒரு காலத்தில் குதிரை வியாபாரம் செய்தவர்கள். இந்தக் குடும்பத்தில் குதிரை போய்க் கடிவாளக் கயிறு மிஞ்சியது. அது மாட்டுக்கயிறாகி, பிறகு கிணற்றுக்கயிறானது. குதிரை இப்போது கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஏறி வர மட்டும் வாடகைக்கு வரும். பதினெட்டு வருஷம் கணவரோடு கடையில் இருந்த பர்வீன், முறுக்கைப் பிரித்து விரலால் நெருடியே கயிற்றின் வயதைச் சொல்வாள்.

இப்போது கடையைக் கொழுந்தன் சல்மான் பார்த்துக்கொண்டான். தினமும் மதியம் வீடியோ காலில் கடையைச் சுற்றிக் காட்டச் சொல்வாள். அன்று வாசல் கொக்கி வெறுமையாக இருந்தது.

"அதுல தொங்குன நைலான் கயிறு எங்க, சல்மான்?"

"வித்தாச்சு மதினி. தளவாய்புரத்து சோலைச்சாமி கிணறு தூர்வாரணும்னு கேட்டாரு. தடியா இருந்துச்சுன்னு குடுத்தேன்."

அது விற்கிற கயிறல்ல. கடைக்கு அடையாளமாக இரண்டு கோடை வெயிலில் காய்ந்தது. வெயில் தின்ற நைலான் பார்க்கத் தடியாக இருந்தாலும் உள்ளே இற்றுப்போயிருக்கும். ஆளைத் தாங்கும் கயிறு உள்ளறை இருட்டில் இருக்கும். அதைச் சல்மானிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. கடையில் பிறந்தவனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள்.

"உடனே போயி நிறுத்து. அது ஆளைத் தாங்காது."

"கடையில ஆளு நிக்காவ. செத்த நேரத்துல போறேன்."

பர்வீன் துப்பட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியார் ரஹ்மத்துன்னிசா குறுக்கே நின்றாள்.

"எங்கட்டி கெளம்புத? எம்மவனுக்காக இம்புட்டு நாள் ஒரு எடத்துல இருக்க மாட்டியா?"

"ஒரு உசுரு மாமி."

"போன் இருக்குல்ல. பேசு."

பழைய வாடிக்கையென்று சோலைச்சாமி வீட்டு நம்பர் அவள் போனில் இருந்தது; மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. அவர் மனைவி மாடத்தி எடுத்தாள்.

"கிணத்துல எறங்கிட்டாவளா?"

"அப்பமே எறங்கியாச்சேக்கா."

"அந்தக் கயித்துல ஏற விடாதீய. வேற கயிறு வார வரைக்கும் அவிய அடியிலயே நிக்கட்டும்."

மாடத்தி கத்திக்கொண்டே ஓடுவது கேட்டது. பிறகு போன் அறுந்தது. அரை மணி நேரம் பர்வீன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சோலைச்சாமியே பேசினார்.

"டிராக்டர் வடத்துல ஏறிட்டேன் தாயி. உங்க கயித்தை ரெண்டு பேரு இழுத்துப் பாத்தோம். அத்துப்போச்சு."

அறுந்த இரண்டு துண்டையும் அவர் சாயங்காலம் கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் சல்மான் முகத்துக்கு நேரே வீசினாராம். கயிறு விற்கத் தெரியாதவன் வளையல் விற்கப் போ என்றாராம்.

மறுநாள் மதியம் சல்மான் போனை எடுக்கவில்லை. நான்காவது அழைப்புக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது: "எனக்குக் கயிறு வேண்டாம் மதினி. சரக்கு மொத்தத்தையும் நாளைக்கு ஒருத்தர் ஏத்திட்டுப் போறாரு. செல்போன் கடை போடப் போறேன்."

இத்தா முடிய இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. பர்வீன் மறுபடியும் அழைத்தாள். அவன் போனை அணைத்து வைத்திருந்தான்.