சூடைமீன் கடலைப் பற்றி எழுதவில்லை

“செவ்வாயில தண்ணி இருந்தா எனக்கென்னடி, இல்லாட்டி எனக்கென்ன? இந்த மனிசன் ஏன் அதைப் பத்தி இவ்வளவு நீளமா எழுதுறாரு?”

என் ராத்தா லைலா, அதாவது என் அக்கா, இப்படிக் கேட்டபோது நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்து முடித்திருந்தேன். செவ்வாய்க்கு எத்தனை துணைக்கோள்கள் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ராத்தாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மருதமுனை. ராத்தா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். விடிய எழுந்து இடியப்பம் அவித்து, பக்கத்து ஊரான கல்முனையில் இரண்டு ஹோட்டல்களுக்குக் கொடுப்பாள். அவளுடைய கணவர் காலிதீன் மச்சான் கடற்கரை வீதியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். 2004 சுனாமியில் கடை போனது. மூத்த மகள் நுஸ்கியாவும் போனாள். அப்போது அவளுக்கு நாலு வயது. ராத்தாவின் வயிற்றில் ஜுனைட் இருந்தான். அவன் பிறப்பதற்கு முன்பே மச்சான் கத்தாரில் டோகாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இடையில் ஒரே ஒரு தடவைதான் வந்து போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கோல் எடுப்பார். “சுகமா? மகன் சுகமா? சாப்பிட்டியா? சரி, வைக்கன்.” ஒவ்வொரு வெள்ளியும் இதுதான். ஒப்பந்தம் 2009 கடைசியில் முடியவிருந்தது. வருவாரா, இன்னும் இரண்டு வருடம் போடுவாரா என்று ராத்தா கேட்டால், “பார்ப்பம்” என்பார். அந்தப் ‘பார்ப்பம்’ அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

2008இல் நான் பல்கலைக்கழகம் கிடைக்காமல் கம்பியூட்டர் வகுப்பும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பஸாரில், ஊருக்கே அண்ணனான ஜெமீல் காக்காவின் கொமினிகேசன் கடைக்குப் போய் நெட் பார்ப்பேன். தமிழில் விஞ்ஞானச் செய்தி போடும் ஒரு தளம் இருந்தது. செய்தியை விட, அதற்குக் கீழே ஆட்கள் எழுதுவதை வாசிக்கத்தான் எனக்கு ஆசை. நானும் எழுதுவேன். படித்ததையெல்லாம் சேர்த்து, பிழையில்லாமல், மூன்று பந்தி எழுதுவேன். ஒருவரும் பதில் போடுவதில்லை.

அங்கே ‘சூடைமீன்’ என்று ஒரு சின்னக் கடல் மீனின் பெயரில் ஒருவர் எழுதுவார். அவர் இரண்டு வரி எழுதினால் இருபது பேர் வருவார்கள். ஐரோப்பாவில் நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய இயந்திரத்தை ஓட்டப் போகிறார்கள், அதோடு உலகமே அழிந்துவிடும் என்று கதை பரவிய நேரம், அந்த இயந்திரம் மோதவிடும் புரோத்தன்களைப் பற்றி நான் விளக்கி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே சூடைமீன் எழுதினார்: “உலகம் அழியிறது டோகா நேரத்துக்கா, ஊர் நேரத்துக்கா? எனக்குக் குளிக்கப் போகணும்.”

‘நிலாப்பெண்’ என்று ஒருத்தி பதில் போட்டிருந்தாள்: “நீங்க குளிச்சிட்டு வாங்க சூடைமீன். உலகம் காத்திருக்கும்.”

என் புரோத்தன்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விஞ்ஞானம் படித்தது நான், கைதட்டு வாங்குவது ஒரு சூடைமீனா?

பிறகு ஒருநாள், விண்வெளியிலிருந்து விளங்காத றேடியோ அலைகள் வருவதாக ஒரு செய்தி. சூடைமீன் எழுதியிருந்தார்: “நான் ஒருக்கா எங்கட பள்ளிவாசல் ஸ்பீக்கரைத் திருத்திக் குடுத்தன். நோம்பு துறக்கிற நேரம் மோதின் பாங்கு சொல்லப் போனா கிரிக்கெட் ஸ்கோர் கேக்குது. வேற்றுக்கிரகத்து ஆக்களும் வயரை மாத்திக் கொழுவியிருப்பாங்க. பாவம், ஏசாதீங்க.”

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அந்த ஸ்பீக்கருக்காக எங்கள் வாப்பாவிடம் ஏச்சு வாங்கியது காலிதீன் மச்சான்.

வீட்டுக்கு ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அடுத்த நாள் ஹோட்டலுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு, வெறும் பெட்டியோடு கொமினிகேசனுக்கே வந்துவிட்டாள்.

“என்ன லைலா, நாசாவுல வேல கிடைச்சிட்டா?” என்றார் ஜெமீல் காக்கா.

“ஓம் காக்கா. அங்கயும் இடியப்பம் கேக்கிறாங்களாம்,” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தாள்.

நான் சூடைமீன் எழுதியதையெல்லாம் பழையதிலிருந்து வாசித்துக் காட்டினேன். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகப் போகச் சிரிப்பு நின்றது. செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடித்த செய்திக்கு அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்திருக்கலாமாம், அது எப்படி வற்றியிருக்கும், அதன் கரையில் நின்றால் வானம் என்ன நிறமாகத் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தார். அதை வாசித்து முடித்தபோதுதான் ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

“சரி, அதை விடு. இந்த நிலாப்பெண் ஆரு?”

“தெரியாது ராத்தா. லண்டனில நேர்ஸ் எண்டு ஒரு இடத்தில எழுதியிரிக்கா.”

“குளிச்சிட்டு வாங்க எண்டு சொல்ல இவ ஆருடி? என்ட மாப்பிள குளிச்சா இவளுக்கென்ன, குளிக்காட்டி இவளுக்கென்ன?”

ஜெமீல் காக்கா கணக்குப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

அதற்குப் பிறகு ராத்தா அடிக்கடி வந்தாள். வந்ததும், “அவ எழுதியிரிக்காளா?” என்பாள். எழுதியிருந்தால் கோபம். எழுதாவிட்டால், “வேற எங்கயும் ரகசியமாக் கதைக்கிறாங்களோ?” என்று சந்தேகம். ஒருநாள் நிலாப்பெண் வால்வெள்ளியைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். ராத்தா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு, “நல்லாத்தான் எழுதியிரிக்கா. அதான் எனக்கு விசர் வருது,” என்றாள்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மச்சானுக்குப் பிடித்ததைத் தானும் படித்துக்கொண்டால் தன்னோடும் கதைப்பார் என்று நினைத்தாள். இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே என்னிடம் பாடம் கேட்டாள். கருந்துளையை நான் அரை மணித்தியாலம் விளக்கினேன். “விளங்கிட்டு. எங்கட குசினித் தண்ணி போற கான் மாதிரி. கரண்டி விழுந்தா திரும்பி வராது,” என்றாள்.

வெள்ளிக்கிழமை கோல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“இஞ்சேருங்க, கருந்துளைக்குள்ள போனா வெளிச்சமும் திரும்பி வராதாமே?”

“ஆரு சொன்ன?” என்றார் மச்சான்.

“சும்மா கேள்விப்பட்டன். நீங்க சொல்லுங்களன், மெய்யா?”

“ஒன்ட தங்கச்சி அப்னாட வேலையாயிரிக்கும். ஒனக்கு ஏன் அதெல்லாம்? மகன் சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான்.”

“சரி, வைக்கன்.”

ராத்தா போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “நிலாப்பெண் கேட்டிருந்தா ஒரு பக்கம் எழுதியிருப்பாரு,” என்றாள். அன்று அவள் பகல் சோறு தின்னவில்லை. எனக்கும் முகம் கொடுக்கவில்லை. கம்பியூட்டரில் எழுதித் தேடத் தெரிந்த என் மேலும் அவளுக்குக் கோபம் என்று எனக்கு விளங்கியது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள். சில கடைக்காரர்கள் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்கள். அந்தத் தளத்தில் யாரும் விஞ்ஞானம் பேசவில்லை. கைபேசியில் புதுக் கமரா வந்த செய்திக்குக் கீழேயும் சண்டைதான். ஒருவரை ஒருவர் ஊர் சொல்லி, இனம் சொல்லி ஏசினார்கள். சூடைமீனைக் காணவில்லை. அந்த ஏச்சுக்களுக்கு நடுவில் நிலாப்பெண் ஒரு வரி கேட்டிருந்தாள்: “சூடைமீன், சுகமா இருக்கிறீங்களா?”

“பாரு, என்னை விட அவளுக்குத்தான் தேடுது,” என்றாள் ராத்தா. ஆனால் அவர் திரும்பி வந்து கமராவைப் பற்றி ஒரு பகிடி எழுதிய நாளில் பெருமூச்சு விட்டது ராத்தாதான்.

பெருநாள் முடிந்து, சந்திரனிலும் தண்ணீர் இருக்கிறதாம் என்று செய்தி வந்த நேரம். மச்சான் அதற்கும் நீளமாக எழுதியிருந்தார். ராத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்னா, இவரு ஆகாயத்துத் தண்ணிக்கெல்லாம் எழுதுறாரு. கடலுக்கு ஒண்டுமில்லையே?”

“என்ன ராத்தா?”

“கடல் செய்தி எத்தனை வந்திச்சு? மீன், பவளம், ஆழத்தில வெளிச்சம் போடுற புழு. ஒண்டுக்கும் இவர்ர எழுத்து இல்ல. நான் அவளைத் தேடித் தேடிப் பார்த்ததில கண்டன்.”

நான் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மெய்தான். தன் பெயரிலேயே மீனை வைத்திருந்தவர் கடலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. ஆழ்கடலில் கருவி மிதக்கவிட்டு, சுனாமி வருவதை முன்கூட்டியே அறிவதைப் பற்றியது. வழமைபோல் பகிடிகள். “சைரன் அடிச்சா எங்கட ஆக்கள் கடலைப் பார்க்க ஓடுவாங்க,” என்று ஒருவர் எழுதியிருந்தார். பலர் சிரித்திருந்தார்கள். அதற்குக் கீழே நிலாப்பெண்: “சூடைமீன், நீங்க கடற்கரை ஆள்தானே? ஒண்டும் சொல்லல்லையே?”

பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

“எழுது,” என்றாள் ராத்தா. “நான் சொல்றன்.”

“என்ன பேர் போட? சொந்தப் பேர் ஆரும் போடுறல்ல.”

“என்ட பேரைப் போடு. மருதமுனை எண்டும் போடு. நான் என்ன களவெடுக்கவா வந்த?”

போட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே என் கை நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய தகப்பன் என்ற பொருளில் இன்னாருடைய வாப்பா என்பார்கள். சுனாமிக்குப் பிறகு மச்சான் ‘ஜுனைட்ட வாப்பா’ ஆகிவிட்டார். யாரும் கூடிப்பேசி அப்படி மாற்றவில்லை. மூத்தவளின் பெயர் எல்லார் வாயிலும் வராமல் போனது. ராத்தாவின் வாயிலும்தான்.

அன்று அவள் சொல்ல நான் எழுதியது இது:

“நுஸ்கியாட வாப்பா, நான் லைலா. நீங்க எல்லாருக்கும் பதில் எழுதுறீங்க. கடலுக்கு மட்டும் எழுதுறல்ல. அண்டைக்குக் கடல் ஏறி வருதெண்டு சனம் கத்தக்குள்ள புள்ளை அதைப் பார்க்க ஓடிச்சு. நீங்க கடையில. நான் அடுப்படியில. ரெண்டு பேரும் காணல்ல. நான் ஒங்களை ஒருநாளும் குத்தம் சொல்லல்ல. நீங்க என்னைக் கேக்கவும் இல்ல. இந்தக் கருவி அண்டைக்கு இருந்திருந்தா நம்மட புள்ளை இருந்திருக்குமா? ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எனக்குச் சொல்லுங்க. நிலாப்பெண்ணுக்கு இல்ல, எனக்கு.”

“கடைசி வரி வேணுமா ராத்தா?”

“அது கட்டாயம் வேணும்.”

அதற்குப் பின் அந்தப் பக்கத்தில் யாரும் பகிடி எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஆறுதல் எழுதினார்கள். எத்தனை மாதமாக எழுதியும் எனக்கு ஒரு பதில் வரவில்லை, ராத்தாவின் ஒரே எழுத்துக்கு இத்தனை பேர். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

நிலாப்பெண்ணும் எழுதியிருந்தாள்: “அக்கா, எனக்குத் தெரியாது. மன்னியுங்க.”

“அக்காவாம்,” என்றாள் ராத்தா. ஆனால் குரலில் முந்தைய உறைப்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோல் வரவில்லை. ராத்தா போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். சார்ஜ் இருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் காட்டிக் கேட்டாள். “கெடுத்துப்போட்டன் அப்னா. இருந்த நாலு சொல்லையும் கெடுத்துப்போட்டன்,” என்றாள். திங்கட்கிழமை அரிசிமா வறுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மச்சான்தான். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. என்னைப் பார்த்து, வெளியே போ என்று கையைக் காட்டினாள்.

மா கருகும் மணம் வந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். ராத்தா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து, “ஓம்… ஓம்… சொல்லுங்க” என்றுகொண்டிருந்தாள். ஜுனைட் பாலர் பாடசாலை விட்டு வந்தபோதும் அவர்கள் கதைத்து முடியவில்லை.

பிறகு அவளாகவே சொன்னாள்.

“கருவி இருந்தாலும் ஊருக்குச் சொல்ல ஒருத்தர் வேணுமாம். அண்டைக்கு அவரு திருத்திக்கொண்டிருந்த றேடியோ கடைசி மட்டும் பாடிக்கொண்டுதான் இருந்ததாம். கடல் வருதெண்டு ஒரு சொல்லும் சொல்லல்லயாம். அதை இவ்வளவு காலமும் என்னட்ட எப்படிச் சொல்ற எண்டு தெரியாதாம்.”

“செவ்வாய்த் தண்ணி?” என்று கேட்டேன்.

“அதையும் கேட்டன். அங்க உள்ள கடல் ஆளில்லாத கடலாம். அதில ஒருத்தரும் மவுத்தாகல்லயாம், ஒரு உசிரும் போகல்லயாம். அதால அதைப் பத்தி எவ்வளவும் எழுத ஏலுமாம்.”

என்னிடம் பதில் இல்லாத கேள்விக்கு அவள் பதிலோடு வந்து நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு சின்னத் திமிரைக் கண்டேன்.

மச்சான் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. டிசம்பரில் வந்தார். இப்போது கல்முனையில் போன் திருத்துகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் ராத்தாவின் வீடு. இரண்டு பேரும் சந்திரன், செவ்வாய், பக்கத்து வீட்டுக் கோழி என்று ஓயாமல் கதைக்கிறார்கள். நான் துணி காயப்போடப் போனால் கேட்டுக்கொண்டு நிற்பேன். என்னோடு இப்படிக் கதைக்க யார் வருவார் என்று நினைத்துக்கொள்வேன். ராத்தா அவரை இப்போது ‘நுஸ்கியாட வாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்தத் தளம் இப்போது இல்லை. எழுதியவை எல்லாம் அதோடு போய்விட்டன. நிலாப்பெண் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் அன்று கேட்டிருக்காவிட்டால் ராத்தா எழுதியிருக்க மாட்டாள். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள், அனுப்புங்கள். எப்படியாவது ஒருநாள் அவளிடம் போய்ச் சேரட்டும். சூடைமீன் கரைக்கு வந்துவிட்டார், சுகமாக இருக்கிறார். அவள் பதில் எழுதினால் ராத்தாவின் பெயருக்கு எழுதட்டும். அவர் குளித்துவிட்டாரா என்று மட்டும் கேட்க வேண்டாம் என்று ராத்தா சொல்லச் சொன்னாள்.